கண்டக்டர் நாகராசுவின் நெஞ்சுக்கட்டி

எடுக்காத டெஸ்ட்டுக்கு ஒருத்தி வந்து எனக்குச் சந்தோஷம் சொன்னாள். என் அண்ணன் கதையை நான் அங்கிருந்துதான் ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது. அதற்கு முன்னால் வரைக்கும் அவரைப் பற்றி எனக்கு எல்லாம் தெரியும் என்ற நினைப்பில் நான் இருந்தேன்.

கறம்பக்குடியில் மாவு மில் வைத்திருக்கிறேன். புரட்டாசி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தபோது அன்புமொழி கேழ்வரகு வாளியோடு வந்தாள். என் பிறந்த வீட்டுப் பங்காளி ஒருவரின் மனைவி. அங்கன்வாடி வேலை என்பதால் இங்கேயே குடியிருக்கிறாள். மில் ஓடும்போது காதுக்குப் பக்கத்தில் வந்து கத்தினால்தான் பேச்சு கேட்கும். அவளும் அப்படித்தான் கத்தினாள்.

"அக்கா, டெஸ்ட்டுல ஒங்களுக்கு ஒன்னும் இல்லன்னு ஒங்க அண்ணன் சொன்னாரு. கேட்டதும் வயித்துல பால வாத்த மாதிரி இருந்துச்சு."

"எந்த டெஸ்ட்டு?"

"அதான்க்கா, அண்ணனுக்கு வந்துச்சே, அதுக்கு. நம்ம பங்காளிங்க நாப்பத்து மூனு பேரும் வேன் புடிச்சுப் போயிக் காட்டிட்டு வந்தாங்க. எங்க வீட்டுக்காரரும் போனாரு."

"அண்ணனுக்கு என்ன வந்துச்சு?"

அவள் என்னையே பார்த்தாள். முகம் மாறிவிட்டது. வாளியை எடுக்கவா, வைத்துவிட்டு ஓடவா என்று யோசிப்பது நன்றாகவே தெரிந்தது. நான் மில்லை நிறுத்தினேன். சத்தம் அடங்கியதும் அவள் மெதுவாகச் சொன்னாள்.

"மாருல கேன்சர்க்கா. போன வருஷம் அறுத்து எடுத்தாங்களே. ஒங்களுக்குத் தெரியும்னுதான்..."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆம்பளைக்கு மாரில் கேன்சரா என்பது ஒரு பக்கம். என் கூடப்பிறந்தவருக்கு வந்தது ஒரு வருஷமாக எனக்குத் தெரியாது என்பது இன்னொரு பக்கம். எனக்கே டெஸ்ட் எடுத்து ரிசல்ட்டும் வந்து, அதுவும் ஊருக்குத் தெரிந்து எனக்குத் தெரியவில்லை என்பது எல்லாவற்றுக்கும் மேல். அரைத்த மிளகாயை அப்படியே போட்டுவிட்டு, மில்லைப் பூட்டிக்கொண்டு புதுக்கோட்டை பஸ்ஸில் ஏறினேன்.

அந்த பஸ்ஸில் ஏறினாலே எனக்கு அண்ணன் ஞாபகம்தான். நாகராசு கண்டக்டர் என்றால் திருவரங்குளத்திலிருந்து கறம்பக்குடி வரைக்கும் தெரியாதவர்கள் இல்லை. முப்பது வருஷ சர்வீஸ், அதில் இருபத்திரண்டு வருஷம் இதே ரூட். ஒரு நாளைக்கு மூன்று நடை கறம்பக்குடிக்கு வருவார். பெரிய தொண்டை. பின்படியில் தொங்குகிற காலேஜ் பையனை முன்சீட்டிலிருந்தே, "ஏண்டா, ஒங்க ஆத்தா ஒன்னயப் பெத்தது படியில தொங்கப் போடவா, உள்ள வா" என்று கூப்பிடுவார். பஸ்ஸே சிரிக்கும், பையன் உள்ளே வந்துவிடுவான். பரீட்சை நாளில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஓடி வருவது தெரிந்தால் டிரைவரிடம் சண்டை போட்டாவது நிறுத்துவார். யாருக்கு எந்த ஊரில் பெண் எடுத்தார்கள், யார் வீட்டில் ஆபரேஷன், எவன் கத்தாரிலிருந்து வந்திருக்கிறான், எல்லாம் அவருக்குத் தெரியும். தெரிந்ததை அவர் ஒருபோதும் வைத்துக்கொள்ள மாட்டார், அடுத்த ஸ்டாப்புக்குள் சொல்லிவிடுவார்.

என் மகள் கலைமதி பிறந்த கதையை இந்த ரூட்டில் பழைய ஆட்கள் இன்னமும் சொல்வார்கள். எனக்கு வலி கண்ட அன்று என் வீட்டுக்காரர் உர மூட்டை எடுக்கத் தஞ்சாவூர் போயிருந்தார். அண்ணன் வண்டிதான் வந்தது. என்னைக் கடைசி நீள சீட்டில் படுக்க வைத்து, ஆட்களையெல்லாம் முன்னால் தள்ளி, எந்த ஸ்டாப்பிலும் நிறுத்தாமல் ஆலங்குடி ஆஸ்பத்திரி வாசலில் கொண்டுபோய் பஸ்ஸை நிறுத்தினார். இறங்க வேண்டியவர்கள் ஒருவர்கூட வாய் திறக்கவில்லையாம். அடுத்த நடையில் பஸ் முழுக்க மிட்டாய் கொடுத்து, "நான் தாய்மாமன் ஆயிட்டேன்" என்று சொல்லிக்கொண்டே டிக்கெட் கிழித்தார்.

அப்படிப்பட்ட மனுஷன்தான் இவர்.

அவர் நெஞ்சில் கட்டி இருந்தது எனக்குத் தெரியும். இடது பக்கம், காம்புக்குப் பின்னால், புளியங்கொட்டை அளவு. கண்டக்டர் பையின் தோல் வார் அங்கேதான் குறுக்கே போகும். "முப்பது வருஷமா உரசி உரசிக் காச்சுப் போச்சுத்தா" என்று சொல்லிச் சிரிப்பார். ரிட்டயர் ஆகி, பையை டிப்போவில் ஒப்படைத்த பிறகும் அந்தக் கட்டி போகவில்லை. உரசுவதற்குப் பையே இல்லாதபோது கட்டி ஏன் வளர்கிறது என்று அவரும் கேட்கவில்லை, மதினியும் கேட்கவில்லை, பெரிய இவள் மாதிரி பேசுகிற நானும் கேட்கவில்லை. போன வருஷம் ஆடியில் ஆபரேஷன் நடந்தது. கொழுப்புக் கட்டி, எடுத்துவிட்டார்கள் என்றார்கள். நான் நாட்டுக்கோழிச் சாறு வைத்து எடுத்துக்கொண்டு போனேன். கட்டுப் போட்ட நெஞ்சோடு உட்கார்ந்து அதைக் குடித்துவிட்டு, உப்பு கம்மி என்று என்னைக் கேலி செய்தார்.

திருவரங்குளத்தில் இறங்கி வீட்டுக்குப் போனபோது அண்ணன் முற்றத்தில் விதைக் கடலை உடைத்துக்கொண்டிருந்தார்.

"வாத்தா. மில்லு ஓடுற நேரத்துல இங்கிட்டு வந்திருக்க?"

"சட்டையக் கழட்டுங்கண்ணே."

கையிலிருந்த கடலை அப்படியே நின்றது. உள்ளேயிருந்து மதினி பிரகதாம்பாள் எட்டிப் பார்த்தார். பார்த்தவுடன் அவருக்குப் புரிந்துவிட்டது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். அண்ணன் பட்டனை ஒவ்வொன்றாகக் கழற்றினார்.

இடது பக்கம் மார்பே இல்லை. காம்பும் இல்லை. நடு நெஞ்சிலிருந்து அக்குள் வரைக்கும் ஒரு கோடு மட்டும் இருந்தது. அந்தப் பக்கம் எலும்புமேல் தோல் ஒட்டிக் கிடந்தது. கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன்.

"பொம்பள சீக்கு ஆம்பளைக்கு வந்துருச்சுன்னு எப்புடித்தா வெளிய சொல்றது" என்றார் அண்ணன். "சட்டையில ரத்தம் பட்டிருக்குன்னு ஒன் மதினிதான் தொவைக்கும்போது பாத்துச்சு. திருச்சிக்குப் போனோம். சத்யான்னு ஒரு டாக்டரம்மா. ஆம்பளைங்களுக்கும் வரும்ங்க, ஆயிரத்துல ஒருத்தருக்கு வரும், ஆனா வந்துட்டா அது குடும்பத்துல ஓடுற கோளாறான்னு பாத்தே ஆகணும்னாங்க. ரத்தம் எடுத்தாங்க. மார்கழியில ரிசல்ட்டு வந்துச்சு. இருக்குன்னுட்டாங்க."

"என்ன இருக்கு?"

"மரபணுல ஒரு கோளாறு. அப்பன் ஆத்தாகிட்ட இருந்து வர்றது. கூடப் பொறந்தவங்களுக்கும், புள்ளைங்களுக்கும் பாதிக்குப் பாதி இருக்கலாமாம். பொம்பளைங்களுக்கு இருந்தா ரொம்ப மோசமாம், மாருலயும் வரும், வயித்துலயும் வரும்னாங்க. அரவிந்துக்குப் போன்ல சொல்லிட்டேன், லீவுல வந்து பாத்துக்கிறேன்னான்."

அரவிந்த்குமார் அவருடைய ஒரே மகன், சிங்கப்பூரில் இருக்கிறான். கடல் தாண்டி இருக்கிறவனுக்குச் சொல்லியாகிவிட்டது. ஒரு டிக்கெட் தூரத்தில் இருக்கிற எனக்குச் சொல்லவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் என்ன பேசுகிறேன் என்றே தெரியவில்லை.

"பங்காளி நாப்பத்து மூனு பேருக்குச் சொல்லியிருக்கீங்க. அதுல பாதிப் பேரு ஏழு தலமொறைக்கு முந்திப் பிரிஞ்சவங்க. நான் ஒங்களோட ஒரே வயித்துல பொறந்தவ. எனக்குச் சொல்ல நாக்கு வரலயா?"

"மாசி சிவராத்திரிக்கு நம்ம சாமி வீட்டுல எல்லாரும் கூடுனோம். மறுநாள் காலைல படையல் முடிஞ்சதும் துண்ட எடுத்துட்டு நின்னேன். பாத்துக்கங்கப்பா, எனக்கு இது வந்திருக்கு, வெக்கப்படாமப் போயி எல்லாரும் காட்டுங்கன்னு சொன்னேன். ஒருத்தரும் சிரிக்கல. நீ அன்னைக்கு ஒன் மாமியா வீட்டுச் சாமிக்குப் போயிருந்த."

அது சரிதான். கட்டிக் கொடுத்த பெண்ணுக்குப் புருஷன் வீட்டுச் சாமிதான் சாமி. சிவராத்திரிக்கு இருபத்தேழு வருஷமாக நான் அங்கேதான் போகிறேன். பிறந்த வீட்டுப் பங்காளிகள் கூடுகிற இடத்தில், அந்த வீட்டில் பிறந்த பெண்கள் ஒருத்திகூட இருக்க மாட்டோம்.

"சரி, கோயில்ல நான் இல்ல. மறுநாளு போன் இல்லயா?"

அண்ணன் நிமிர்ந்து பார்த்தார். அவர் முகத்தில் இருந்தது குற்ற உணர்வு இல்லை, குழப்பம்.

"ஒனக்கு அதுக்கு முந்தியே மார்கழியிலயே சொல்லிட்டனேத்தா. டாக்டரம்மா ஒன் பேரு போட்டு ஒரு லெட்டரே குடுத்தாங்க, மொதல்ல தங்கச்சிய வரச் சொல்லுங்கன்னு. அத மாப்ள கையிலதான் குடுத்தேன்."

மாப்பிள்ளை என்றால் என் வீட்டுக்காரர் திருப்பதி.

இதை வெளியூர்க்காரர்கள் யாராவது கேட்டால் சிரிப்பார்கள். என் பெயர் போட்ட கடிதத்தை என்னிடம் கொடுக்காமல் ஏன் அவரிடம் கொடுத்தார் என்று கேட்பார்கள். எங்கள் பக்கத்தில் அது கேள்வியே இல்லை. தங்கச்சியிடம் போய் அவள் மார்பைப் பற்றி அண்ணன் பேசுவது ஆகாத காரியம். அதைவிட, கட்டிக் கொடுத்த பெண்ணின் உடம்பு சம்பந்தப்பட்ட எந்தச் சேதியும் மாப்பிள்ளை வழியாகத்தான் போக வேண்டும். அவரைத் தாண்டிப் போனால் அவருக்கு மரியாதைக் குறைச்சல். அண்ணன் முறைப்படி வெள்ளை வேட்டி கட்டி, பழம் வாங்கிக்கொண்டு, உரக்கடைக்கே போய்க் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார்.

"அதுக்கப்பறம் நாலு நாளைக்கு ஒருக்கா மாப்ளகிட்ட போன் போட்டுக் கேட்டுக்கிட்டே இருந்தேன். தை கடைசியில சொன்னாரு, டெஸ்ட்டு எடுத்தாச்சு மச்சான், செவந்திக்கு ஒன்னும் இல்ல, ஆனா பயந்துபோயிக் கெடக்கு, இதப் பத்தி அதுகிட்ட யாரும் பேச்செடுக்காதீங்கன்னு. எனக்குப் போன உசுரு வந்துச்சு. அந்தத் தெம்புலதான் சிவராத்திரியில எல்லாருக்கும் முன்னால துண்ட எடுத்தேன்."

"அண்ணே, எனக்கு ஒருத்தரும் ஊசி குத்தல."

அவருக்கு உடனே புரியவில்லை. நான் இன்னொரு தடவை சொன்னேன். எந்த லெட்டரும் வரல, எந்த ஆஸ்பத்திரிக்கும் போகல, ஒரு சொட்டு ரத்தம் எடுக்கல. சொல்லச் சொல்ல அவர் முகம் வெளுத்துப்போனது. ஏதோ பேச வாயெடுத்தார். என் அண்ணனுக்குப் பேச்சு வராமல் நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. மதினி சுவரோரமாக உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டார். அண்ணன் சட்டைப் பட்டன்களை மாற்றி மாட்டிக்கொண்டு, "வா, போவோம், மாப்ளயக் கேப்போம்" என்று எழுந்தார்.

"நீங்க வர வேணாம். இது எங்க வீட்டுச் சங்கதி" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

திரும்பி வருகிற வழியெல்லாம் நான் அழவில்லை. பிரமை பிடித்த மாதிரி உட்கார்ந்திருந்தேன். என் வீட்டுக்காரரை யாரும் கெட்டவர் என்று சொல்ல மாட்டார்கள். குடி கிடையாது. கை நீட்ட மாட்டார். எனக்குக் காய்ச்சல் என்றால் கஞ்சி வைத்துத் தருவார். அந்த மனுஷன் ஒன்பது மாதமாக என் பக்கத்தில் படுத்து எழுந்து, நான் போடுகிற சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டு, இதை வைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

அவர் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்திருந்தார். நான் தட்டு எடுத்து வைக்கவில்லை.

"லெட்டர எடுங்க."

எந்த லெட்டர் என்று அவர் கேட்கவில்லை. பீரோவைத் திறந்தார். கலைமதி ஜாதகம் இருந்த மஞ்சள் பைக்குள்ளிருந்து எடுத்துக் கொடுத்தார். உறைமேல் "திருமதி செவந்தி அவர்களுக்கு" என்று எழுதியிருந்தது. பிரித்திருந்தார். படித்தேன். உங்கள் சகோதரருக்குச் செய்த பரிசோதனையில் பரம்பரையாக வரும் ஒரு மாற்றம் தெரிய வந்துள்ளது; உங்களுக்கும் அது இருக்க வாய்ப்பு உண்டு; இருந்தால் வருமுன் காக்க வழிகள் உள்ளன; தாமதிக்காமல் நேரில் வரவும் என்று இருந்தது. என்னைத் தாமதிக்க வேண்டாம் என்று சொன்ன தாள் ஒன்பது மாதம் என் பீரோவிலேயே இருந்திருக்கிறது.

"கலைமதியப் பொண்ணு பாத்துட்டுப் போயி மூனாம் நாளு ஒங்க அண்ணன் இதக் கொண்டாந்து குடுக்குறாரு" என்றார் அவர். "நீ ஆஸ்பத்திரிக்கு நடந்து, அது சம்பந்தி வீட்டுக் காதுக்குப் போயி, இந்தக் குடும்பத்துல பொம்பளைங்களுக்கு இப்புடி ஓடுதாம்னு அவங்க கேட்டா நான் என்னத்தச் சொல்ல? கல்யாணம் முடியட்டும்னு நெனச்சேன்."

"கல்யாணம் முடிஞ்சு நாலு மாசம் ஆச்சே."

"அதுக்கப்பறம் சொல்லப் பயமா இருந்துச்சு. இத்தன நாளு ஏன் சொல்லலன்னு கேப்பியே."

"அதுக்காக டெஸ்ட்டு எடுத்தாச்சுன்னு சொன்னீங்களா?"

"ஒங்க அண்ணன் விடாமக் கேட்டாரு. வாயில வந்துருச்சு."

இவ்வளவுதான். சதியும் இல்லை, சூதும் இல்லை. வாயில் வந்துவிட்டதாம். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. பெரிய துரோகம் ஏதாவது செய்திருந்தால்கூடக் கத்தித் தீர்த்திருப்பேன். "எனக்கு இந்த ஒம்பது மாசத்துல வந்திருந்தா?" என்று கேட்டேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கேட்டது அவர் யோசிக்காத கேள்வி இல்லை என்று அப்போது தெரிந்தது. ராத்திரி ராத்திரி எழுந்து உட்கார்ந்திருப்பார், வாய்வு என்பார். வாய்வு இல்லை போலிருக்கிறது.

மறுவாரம் அண்ணனோடு திருச்சிக்குப் போனேன். வீட்டுக்காரரும் வருகிறேன் என்றார், வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

டாக்டர் சத்யாவுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். என்னைப் பார்த்ததும், "ஒங்களத்தாம்மா தை மாசத்துலேர்ந்து எதிர்பாக்குறேன்" என்றார். ஒரு தாளை எடுத்து மேசையில் விரித்தார். அண்ணன் சொன்னதை வைத்து முன்பே வரைந்த எங்கள் குடும்ப மரம். ஆம்பளைக்குக் கட்டம், பொம்பளைக்கு வட்டம். அண்ணன் கோயில் பங்காளி நோட்டை எடுத்துக்கொண்டு போய் வரிசையாகச் சொல்லியிருக்கிறார். தாள் முழுக்க ஒரே கட்டம். அந்த நோட்டில் எந்தப் பெண் பெயரும் கிடையாது. வட்டம் என்று பார்த்தால் நானும் எங்கள் ஆத்தாவும் மட்டும்தான்.

"ஒங்க அம்மா எப்புடிம்மா எறந்தாங்க?" என்று டாக்டர் என்னைக் கேட்டார். "அண்ணன் வயித்து நோவுன்னு சொன்னாரு."

"நாப்பத்தாறு வயசுல. வயிறு வீங்கி, நீர் கோத்துக்கிச்சு. கிட்ட இருந்து பாத்தது நான்தான். அண்ணன் டூட்டியில இருந்தாரு."

"அம்மாவோட கூடப் பொறந்தவங்க?"

"ஒரு பெரியம்மா. அவங்களுக்கு மாருல புண்ணு வந்து அழுகிப் போச்சு. நாங்க சின்னப் புள்ளைங்க. கிட்டப் போக விடமாட்டாங்க."

டாக்டரின் பேனா நின்றது. அண்ணனைத் திரும்பிப் பார்த்தார். "இத நீங்க சொல்லவே இல்லயே" என்றார்.

"அவங்க எங்க ஆத்தாவோட அக்கா டாக்டர். வேற ஊரு. எங்க வகையறா இல்லயே" என்றார் அண்ணன்.

டாக்டர் பொறுமையாகப் பெரியம்மாவுக்கு ஒரு வட்டம் வரைந்து, அதையும் ஆத்தாவின் வட்டத்தையும் கறுப்படித்தார். "இது அநேகமா ஒங்க அம்மா வழியில வந்திருக்கு. அப்புடின்னா ஒங்க பங்காளிங்களுக்கு இதனால ஆபத்து இல்ல. அவங்க வந்து காட்டுனதுல தப்பும் இல்ல. ஆனா மொதல்ல வந்திருக்க வேண்டியது ஒங்க தங்கச்சியும், ஒங்க அம்மா பக்கத்துப் பொம்பளைங்களும்தான்."

அண்ணன் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. மாரை அறுத்த வெட்கத்தை விழுங்கிக்கொண்டு, நாற்பத்து மூன்று ஆண்களுக்கு முன்னால் துண்டை எடுத்தவர் அவர். இந்த ஜில்லாவில் எந்த ஆம்பளை அதைச் செய்வான். செய்தார், ஆனால் அது வேண்டிய இடத்தில் இல்லை. அவர் மேலிருந்த கோபம் எனக்கு அந்த அறையில் போய்விட்டது. பாவமாக இருந்தது.

அண்ணனுக்கு எந்த இடத்தில் கோளாறு என்று தெரிந்துவிட்டதால் எனக்கு அந்த ஒரு இடத்தை மட்டும் பார்த்தால் போதும் என்றார் டாக்டர். ஊசியில் கொஞ்சம் ரத்தம். அன்றைக்கே மார்பையும் வயிற்றையும் ஸ்கேன் பண்ணினார்கள். இப்போதைக்குக் கட்டி ஒன்றும் இல்லை என்றார்கள். ரத்த ரிசல்ட் வர ஒரு மாதம் ஆகும்.

"எனக்கு இல்லன்னா எம் பொண்ணுக்கும் இல்லதான டாக்டர்?"

"ஒங்ககிட்ட இருந்துதான் அவங்களுக்கு வரணும். ஒங்ககிட்டயே இல்லன்னா இந்த வழியில அவங்களுக்கு வராது."

அதனால் கலைமதியிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. கல்யாணமாகி நாலு மாதம், குடுமியான்மலையில் புது வீடு, புது மனுஷர்கள். எனக்கு இல்லை என்று வந்துவிட்டால் அந்தப் பிள்ளையை எதற்கு வீணாகக் கலங்க வைக்க வேண்டும். நான் அந்த ஒரு மாதமும் மில்லுக்குப் போனேன், வீட்டுக்காரரிடம் தேவைக்கு மட்டும் பேசினேன். பெரியம்மாவின் மகள்கள் மூன்று பேருக்கு நானே நேரில் போய்ச் சொன்னேன். அண்ணன் தினமும் போன் பண்ணினார். என்ன பேசுவது என்று தெரியாமல், "சாப்பிட்டியாத்தா" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவார்.

ஐப்பசியில் கூப்பிட்டார்கள். தனியாகப் போனேன். டாக்டர் நாற்காலியை என் பக்கமாக இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அப்போதே தெரிந்துவிட்டது.

"இருக்கும்மா" என்றார்.

கொஞ்ச நேரம் எனக்கு அவர் வாய் அசைவதுதான் தெரிந்தது. பிறகு ஒவ்வொன்றாகக் காதில் விழுந்தது. இந்தக் கோளாறு உள்ள பெண்கள் பத்துப் பேரில் ஆறு பேர், ஏழு பேருக்கு ஆயுசுக்குள் மார்பில் வந்துவிடுகிறது. எனக்கு இன்னும் வரவில்லை, அதனால் செய்வதற்கு நிறைய இருக்கிறது. சினைப்பையை எடுத்துவிடுவது நல்லது, அதைத் தள்ளிப்போட வேண்டாம். அங்கே வந்தால் சீக்கிரம் கண்டுபிடிக்க வழியில்லை. மார்பை முன்கூட்டியே எடுத்துவிடலாம், அல்லது வருஷா வருஷம் ஸ்கேன் எடுத்துக் கவனமாகப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். அந்த முடிவு என்னுடையது, யோசித்துச் சொல்லலாம்.

"ஒங்க பொண்ணுக்கு என்ன வயசும்மா?"

"இருபத்தஞ்சு."

"பாதிக்குப் பாதி வாய்ப்பு. இருந்துச்சுன்னா இந்த வயசுலேர்ந்தே வருஷத்துக்கு ஒருக்கா எம்.ஆர்.ஐ. பாக்கணும். நீங்களே நேர்ல சொல்றீங்களா, லெட்டர் எழுதித் தரவா?"

"லெட்டரெல்லாம் வேணாம் டாக்டர். நானே சொல்லிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

வராந்தாவில் ஜன்னலோரம் நின்று போனை எடுத்தேன். நம்பரைப் போட்டேன். இரண்டு ரிங் போனதும் எடுத்தார்கள்.

"சொல்லுங்க அத்தை."

என் மருமகன் பிரவீன்குமார்.

"மாப்ள, ஒரு விஷயம். நீங்க பயப்படக் கூடாது. கலைமதிகிட்ட நீங்கதான் பக்குவமா எடுத்துச் சொல்லணும்..."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே எனக்குத் தலையில் அடித்த மாதிரி இருந்தது. மகள் நம்பர் என் போனில் முதல் நம்பர். அதைத் தாண்டிப் போய் நான் இவரைக் கூப்பிட்டிருக்கிறேன். யாரும் சொல்லவில்லை, யாரும் கையைப் பிடித்து அமுக்கவில்லை. என் விரல் தானாகப் போயிருக்கிறது. ஒரு மாதமாக இரண்டு ஆம்பளைகளை மனசுக்குள் நான் பேசாத பேச்சில்லை.

"அத்தை? லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன் மாப்ள. போன அவகிட்ட குடுங்க."

"அவ துணி காயப் போட்டுக்கிட்டு இருக்கா. என்னன்னு சொல்லுங்க, நான் சொல்லிக்கிறேன்."

"இல்ல மாப்ள. அவகிட்டதான் சொல்லணும். வர்ற வரைக்கும் நான் இருக்கேன்."

வந்தாள். "என்னம்மா" என்றாள் மூச்சு வாங்க. நான் நிறுத்தாமல் சொன்னேன். மாமாவுக்கு வந்தது கொழுப்புக் கட்டி இல்லை, கேன்சர். அது எங்கள் ஆத்தா வழியாக வந்தது. எனக்கும் அந்தக் கோளாறு இருக்கிறது. உனக்கும் இருக்கலாம், நீ வந்து ரத்தம் கொடுக்க வேண்டும். எல்லாம் சொல்லி முடித்தேன். அந்தப் பக்கம் யாரோ வாளியை இழுக்கிற சத்தம் கேட்டது.

"அம்மா" என்றாள் பிறகு. குரல் மாறியிருந்தது. "மாமாவுக்கு இப்புடின்னு ஒனக்கு எப்பத் தெரியும்?"

பொய் சொல்லலாம் என்று நிஜமாகவே நினைத்தேன். வாய் வரைக்கும் வந்தது.

"ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு" என்றேன்.